சும்மா நிற்கும்போது நடுங்கும் வண்டி

மிருதுளா என்ற பெயருக்கும் அந்த ஆளுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. பட்டறை வாசலில் நின்று அவள் ஒரு அதட்டல் போட்டால், எதிர்ச் சாரியில் டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்திவிட்டு, அதட்டல் தனக்கில்லை என்று தெரிந்த பிறகுதான் மறுபடி ஆற்றுவார். வயது நாற்பத்தாறு. வேலை நேரத்தில் காலில் செருப்புக் கிடையாது. இன்ஜினின் அதிர்வைப் பாதத்தில் வாங்கினால்தான் அதற்கு என்ன நோவு என்று தெரியும் என்பது அவள் கட்சி.

கோயம்புத்தூரில் அப்போது பத்துக்கு ஒன்பது வண்டிகள் தாமாகவே ஓடுபவை. ஏறி உட்கார்ந்து போகிற இடத்தைச் சொல்லிவிட்டுத் தூங்கலாம். ஆனால் அந்த வண்டிகளுக்கும் மலைக்கும் ஆகாது. அடிவாரத்து மாங்கரை தாண்டினால் சிக்னல் இல்லை. குறுக்கே யானை நின்றால் வண்டியும் நின்றுவிடும். யானை நகர்ந்த பிறகும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கும். அதனால் மலைக்குப் போய்வருகிற சிலருக்கு மட்டும் அரசாங்கம் ‘மனித ஓட்டுநர் சான்று’ என்று ஒரு அட்டை கொடுத்திருந்தது. கண், காது, கை, கால் எல்லாம் சரியாக இருந்தால்தான் அந்த அட்டை. மிருதுளாவிடமும் ஒன்று இருந்தது. அது இருந்ததால்தான் பட்டறை இருந்தது.

தடாகம் ரோட்டில் இருந்த அந்தப் பட்டறையில், பழைய பெட்ரோல் வண்டிகளை எரிசாராயத்தில் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுப்பார்கள். சாராயம் குடித்த மனுஷனே சொன்ன பேச்சுக் கேட்க மாட்டான், இன்ஜின் எங்கே கேட்கும்? அதை வழிக்குக் கொண்டுவர ஒரு பெட்டி. உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஓட்டுகிறவரின் கால் பெடலை எப்படி மிதிக்கிறது என்று கவனித்து, கற்றுக்கொண்டு, இன்ஜினை அதற்குத் தகுந்தாற்போல் நடத்தும். பெட்டியைச் செய்தவன் ஷாஹித். மிருதுளாவோடு பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், இப்போது பட்டறையில் பாதிப் பங்காளி. உலகத்தில் உள்ள எல்லா இன்ஜினுக்கும் மூளை வைக்கத் தெரிந்த ஷாஹித்துக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பயம். சாவி போட்ட வண்டியின் ஸ்டியரிங் பக்கம் அவன் உட்கார்ந்ததே இல்லை.

ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் முதல் பாடம் மிருதுளாவின் காலில்தான். புது வண்டியைக் கொடுக்கும் முன் மூன்று நாள் வெறுங்காலோடு மலையேற்றி இறக்கி, பெட்டியைப் பழக்கிய பிறகே சாவியைக் கைமாற்றுவாள்.

டாக்டர் மகிழனின் வண்டி அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக வந்தது. இந்தத் தடவை இழுவை வண்டியின் முதுகில் வந்தது. மகிழன் மாட்டு டாக்டர். ஆனைகட்டி மலையில் பதினேழு ஊர் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் அவர் ஒருவர்தான். சிரித்த முகம். அன்று சிரிப்பு இல்லை.

“அக்கா, மூணாவது தடவைங்க.”

“எண்ணத் தெரியுங்க எனக்கு.”

“ஒம்பதாவது வளைவுல எதிர்ல பஸ் வந்துச்சுன்னு நிறுத்துனேன். நின்ன எடத்துல ஒதற ஆரம்பிச்சு, பொட்டுனு அணைஞ்சு போச்சு. வண்டி பின்னாடி உருளுது. ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்குதுங்க. பின்சீட்டுல கால் ஒடஞ்ச கன்னுக்குட்டி வேற. பஸ்ல இருந்தவங்க எறங்கி வந்து புடிச்சு இழுக்கலைன்னா நானு இன்னிக்கு இங்க நின்னு பேசிட்டு இருக்க மாட்டேன்.”

மிருதுளா குனிந்து சக்கரங்களில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள்.

பிரச்சினை இதுதான். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற மெதுவான ஓட்டத்தைப் பட்டறைகளில் ‘ஸ்லோ’ என்பார்கள். இந்த வண்டியில் ஸ்லோ நிற்கவில்லை. ஏறுகிறது, இறங்குகிறது, உதறுகிறது, சமயத்தில் அணைந்தே போகிறது. ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு குறையும் இல்லை.

முதல் தடவை வந்தபோது அவள் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து பார்த்தாள். தின்றுவிட்டுப் படுத்த பூனை மாதிரி இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. “ஒண்ணுமில்லைங்க, பிரம்மை” என்று அனுப்பிவிட்டாள். இரண்டாம் தடவை காற்றுக் குழாய்களில் எங்காவது ஓட்டை உண்டா என்று இன்ச் இன்ச்சாகப் பார்த்தாள். பிளக் மாற்றினாள். த்ராட்டிலைக் கழற்றிக் கரி சுரண்டினாள். எர்த் வயரைப் புதிதாக இழுத்துக் கட்டினாள். அப்போது ஷாஹித் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, “ஏ, சாராய வாடை கொடலப் பெரட்டுது, எங்கியோ ஒழுகுது பாரு” என்றான். அவளுக்கு வாடையே வரவில்லை. குனிந்து பார்த்தால் உண்மையிலேயே ஒரு குழாய் மூட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. வாடை தெரியவில்லை, ஜலதோஷம் என்று மகிழனிடமும் சொல்லி மூட்டை இறுக்கிவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பூனை உறுமியது. வண்டியை அனுப்பிவிட்டாள்.

இன்றும் அதேதான். அவள் ஏறினாள், சாவியைத் திருப்பினாள், காலைப் பெடல்மேல் சும்மா வைத்தாள். இன்ஜின் ஓடுவதே தெரியவில்லை.

“பாருங்க,” என்றாள்.

மகிழன் கதவருகே வந்து கையை நீட்டினார். “சாவியக் குடுங்க. நானு உக்காந்து காட்டறேன்.”

ஷாஹித் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினான். பட்டறைக்குள் ஒரு சட்டம் இருந்தது. வண்டி வாசல் தாண்டி உள்ளே வந்துவிட்டால், வெளியே போகிறவரை சாவி மிருதுளாவிடம். எந்த வாடிக்கையாளரும் உள்ளே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. பதினெட்டு வருஷமாக ஒருத்தருக்கும் அவள் இதைத் தளர்த்தியதில்லை. ஓட்டத் தெரியாதவன் உட்கார்ந்து ஒன்று ஆகிவிட்டால் என்று பயந்து வைத்த சட்டம். கொஞ்சம் கர்வமும் அதில் உண்டு. என் காலுக்குத் தெரியாததா உன் காலுக்குத் தெரிந்துவிடப் போகிறது என்கிற கர்வம்.

“அக்கா, என்ற உசுருங்க அது,” என்றார் மகிழன்.

அவள் இறங்கிச் சாவியைக் கொடுத்தாள்.

அவர் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்த ஐந்தாவது வினாடி வண்டி உதறத் தொடங்கியது. கண்ணாடியெல்லாம் கடகடத்தது. அவரை இறங்கச் சொல்லி அவள் உட்கார்ந்தாள். உதறல் நின்றது. மறுபடி அவர். மறுபடி உதறல். எடை குறைவா, கூடவா என்று சந்தேகப்பட்டு, பின்னால் கிடந்த மாட்டுத் தீவன மூட்டையைத் தூக்கி டிரைவர் சீட்டில் வைத்துப் பார்த்தார்கள். தீவன மூட்டைக்கும் உதறியது.

“சீட்டுல ஆள் இருக்கறது தெரிஞ்சாத்தான் பெட்டி முழிச்சுக்கும். காலி சீட்டுன்னா தூங்கிரும்,” என்றான் ஷாஹித். “ஒதர்றது இன்ஜின் இல்ல மிருது. பெட்டிதான் ஒதற வெக்கிது.”

அவன் வயரைச் செருகினான். திரையில் ஒரு கோடு அலை அலையாக ஓடியது. வெகுநேரம் பார்த்தான். பிறகு அவளை மறுபடி உட்காரச் சொன்னான். இன்னொரு கோடு வந்தது.

“என்னடா அது?” என்றாள் மிருதுளா.

“உன் பெட்டி ஒரு தாளத்துக்குக் காத்துட்டு இருக்குது. செகண்டுக்கு அஞ்சு தட்டு. பெடல்ல கால் சும்மா இருக்கறப்ப அந்தத் தட்டு வந்துச்சுன்னா, அதுக்கு எதிரா ஒரு தட்டுப் போட்டு ரெண்டையும் ஒண்ணுமில்லாம பண்ணிருது. இன்ஜின் அமைதியா நிக்கிது. அந்தத் தட்டு வரலைன்னா, எங்கடா அதுன்னு தேடி இன்ஜின ஏத்தி எறக்குது. யாரோ அப்படிப் பழக்கியிருக்காங்க.”

“யாரு பழக்குனது?”

இத்தனை பெட்டிக்கும் முதல் பாடம் யார் காலில் என்று ஷாஹித்துக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

மகிழன் கதவோரம் குந்தி உட்கார்ந்திருந்தார். மாட்டின் குளம்பைப் பார்க்கிறவர் உட்காருகிற மாதிரி. பெடலின்மேல் இருந்த அவளுடைய வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நானு மாட்டு டாக்டர்தான்,” என்றார் மெதுவாக. “இருந்தாலும் கேக்கறேன். பெருவெரலு எப்ப இருந்து இப்படி ஆடுது?”

அவள் குனிந்து பார்த்தாள். வலது கால் பெருவிரல், தன் பாட்டுக்கு, யாரையும் கேட்காமல் தட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒருநொடி நின்றது. கவனம் விலகியதும் மறுபடி தட்டியது.

“ஸ்பானர் புடிக்கறப்ப ஒண்ணும் ஆடறதில்லையே,” என்றாள்.

“வேலை செய்யறப்ப ஆடாதுங்க. சும்மா இருக்கறப்பத்தான் ஆடும்,” என்றார் அவர். பிறகு தயங்கித் தயங்கி, “வாடை கூடத் தெரிய மாட்டேங்குதுன்னு அன்னிக்குச் சொன்னீங்க… மனுச டாக்டரப் பாக்கோணுங்க,” என்றார்.

மிருதுளா எழுந்து பின்பக்கம் டயர் அடுக்குக்கு நடுவில் போய் நின்றுகொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சும்மா இருந்து அவளுக்குப் பழக்கமே இல்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து ஏதாவது ஒன்றைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருக்கிறவளுக்கு, சும்மா இருக்கும்போது மட்டும் வருகிற நோய் எப்படித் தெரியும்?

ஷாஹித் வந்து பக்கத்தில் நின்றான்.

“அழிச்சரலாம்,” என்றான். “இந்த வருசம் நீ பழக்குன எட்டு வண்டியவும் சர்வீஸ்னு சொல்லிக் கூப்புடு. பெட்டியில இருக்கற பாடத்த வழிச்செடுத்துட்டு வெறும் பெட்டியா போட்டுக் குடுத்தரலாம். எதுக்குன்னு யாரு கேப்பா? நீ கமுக்கமா வைத்தியம் பாத்துக்க. சான்று போயிருச்சுன்னா பட்டறையே போயிரும் மிருது.”

“வெறும் பெட்டி சாராயத்துல ஓடுமா?”

“…ஓடாது. பழக்கோணும்.”

“யாரு கால்ல?”

அவன் ஒரு டயர்மேல் உட்கார்ந்தான்.

“நாளைக்கி நானே மலைமேல ஓட்டறப்ப என்ற காலு பிரேக்குல சும்மா இருக்காம ஆடுச்சுன்னா? அந்த மனுசன் ஒரு சக்கரத்துல தொங்கிட்டு வந்திருக்கான்டா. இன்னும் ஏழு பேரு அதே பெட்டியோட மலைமேல இருக்காங்க. எதுக்குக் கூப்படறேன்னு சொல்லாம கூப்பிட்டா, அடுத்த வாரம் வரேன்பாங்க. சொன்னாத்தான் இன்னிக்கே வண்டிய நிறுத்துவாங்க.”

சொல்லிவிட்டு அவளே போனை எடுத்தாள். ஒவ்வொருவரிடமும் அதே மூன்று வாக்கியம். என் காலில் நடுக்கம் இருக்கிறது, அது உங்கள் வண்டிக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது, தயவுசெய்து மலையில் ஓட்டாதீர்கள். ஆறு பேரும் தங்கள் வண்டி உதறுவதை ஒப்புக்கொண்டார்கள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டதற்கு ஆறு பேரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள்: “சொன்னா பிரம்மைன்னு திட்டுவீங்கன்னுதானுங்க.” அவளுக்கு நோயைவிட அது அதிகமாக உறைத்தது.

ஏழாவது ஆள் லோகநாதன். மேல் ஊர்களிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு வரும் வேன்காரர். “என்ற வண்டி பட்டாட்டம் ஓடுதுங்க அம்மிணி, ஒரு ஒதறலும் இல்லீங்க,” என்றார் அவர். எட்டில் ஒன்றாவது ஒழுங்காக இருக்கிறதே என்று அவள் மூச்சு விட்டாள். இருந்தாலும் பெட்டியை ஒருநாள் மாற்ற வேண்டும் என்றாள். பார்க்கலாம் என்றார்.

மறுநாளே சான்று அலுவலகத்துக்குப் போய் உள்ளதைச் சொன்னாள். அட்டையை வாங்கி மேஜை இழுப்பில் போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் சோதனைக்குப் பிறகு, மருத்துவர் பார்க்கின்சன் என்றார். ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றும் சொன்னார். இந்தக் கட்டத்தில் பிடித்தால் நோயை நின்ற இடத்தில் நிறுத்திவைக்கிற மருந்து இப்போது உண்டு, வழக்கமாக ஜனங்கள் கை நடுங்கிக் குவளை நழுவிய பிறகுதான் வருகிறார்கள், உங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் யார் சொன்னது என்று கேட்டார்.

“ஒரு காருங்க,” என்றாள் மிருதுளா.

பட்டறை மூடவில்லை. அதற்குக் காரணம் ஷாஹித். நாற்பத்தாறு வயதில், வியர்த்து விறுவிறுத்து, அவன் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டான். மகிழன்தான் முதலில் கற்றுக்கொடுத்தார். பிறகு மிருதுளா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு அவன் தலைமுறையையே இழுத்துத் திட்டினாள். மூன்றாவது முயற்சியில் அவனுக்குச் சான்று கிடைத்தது. புதுப் பெட்டிகளுக்கு இனி முதல் பாடம் அவன் காலில். அந்தப் பெட்டிகள் போட்ட வண்டிகள் எல்லாம் கொஞ்சம் பயந்த சுபாவத்தோடு ஓடின. மலைக்கு அது நல்லதுதான் என்றார்கள்.

இன்னொன்றும் நடந்தது. பெட்டியில் பதிந்திருந்த கோடுகளை ஷாஹித் சான்று அலுவலகத்து மருத்துவக் குழுவிடம் கொண்டுபோய்க் காட்டினான். நடுக்கத்தை இந்தப் பெட்டி அழித்துவிடுகிறது, பாருங்கள் என்றான். நாலு மாதம் யோசித்தார்கள். கடைசியில், அவள் காலில் பழகிய பழைய பெட்டியோடு ஊருக்குள் மட்டும் ஓட்டலாம், ஆறு மாதத்துக்கொரு தரம் சோதனை, மலையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவள் கண்ணாடி போட்டு மாட்டவில்லை. கருவிப்பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்தாள்.

ஆறு வண்டிகளுக்கும் மகிழனின் வண்டிக்கும் பெட்டி மாற்றியாகிவிட்டது. லோகநாதன் மட்டும் நாள் கடத்திக்கொண்டே இருந்தார். பரீட்சை முடியட்டும் என்றார். மழை நிற்கட்டும் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், ஷாஹித் ஓட்ட, புதுப் பெட்டியோடு அவர்களே மலையேறிப் போனார்கள்.

லோகநாதனுக்கு அறுபது இருக்கும். பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். வேனின் பின்சீட்டில் யாரோ மறந்த தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது.

“வீணா அலையறீங்களே அம்மிணி. வண்டி பட்டாட்டமில்ல இருக்குது. வேணும்னா கேளுங்க.”

அவர் ஏறி ஸ்டார்ட் செய்தார். வண்டி பட்டாட்டம்தான் இருந்தது. தின்றுவிட்டுப் படுத்த பூனை.

ஷாஹித் பானெட்டைத் திறந்து, திருப்புளியை எடுத்தான். மிருதுளா அவன் கையைப் பிடித்தாள். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டுப் பெட்டிக்கும் ஒரே பாடம். ஏழு வண்டி உதறிய இடத்தில் இந்த ஒன்று மட்டும் ஏன் அமைதியாக நின்றது? இத்தனை மாதம் அதை அவள் ஒரு நல்ல சேதியாகவே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் பக்கம் போனாள்.

“அண்ணா, உக்காந்தபடியே காலை மட்டும் பெடல்ல இருந்து எடுத்து ஓரமா வெய்யுங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். காலை எடுத்தார். வேன் உதறத் தொடங்கியது. பின்சீட்டிலிருந்த பாட்டில் உருண்டு கீழே விழுந்தது.

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்: “ஊட்டுல யாருக்குந் தெரியாதுங்க. சும்மா இருக்கறப்ப மட்டுந்தான். சோறு உங்கறப்ப, ஓட்டறப்ப ஒண்ணும் இல்லீங்க. சான்றப் புடுங்கிட்டா இந்தப் பதினாலு புள்ளைங்களையும் பள்ளிக்கோடத்துக்கு யாருங்க கூட்டிட்டுப் போவாங்க? அதான்… நீங்க உங்க காலப் பத்திப் போன்ல சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. வாய் வரலீங்க.”

அவள் திட்டுவாள் என்று ஷாஹித் எதிர்பார்த்தான். பதினாலு பிள்ளைகள். திட்ட வேண்டிய இடம்தான். அவளுக்கும் கோபம் நெஞ்சு வரை வந்தது. ஆனால் சொன்னால் திட்டுவீர்கள் என்று ஆறு பேர் சொன்னதும் சேர்ந்து ஞாபகம் வந்தது.

அவள் சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். செருப்பை உதறினாள். எட்டிக் காலை நீட்டித் தன் வெறும்பாதத்தைப் பெடலின்மேல் வைத்தாள். பெருவிரல் தன் பாட்டுக்குத் தட்டத் தொடங்கியது. உதறல் குறைந்து, குறைந்து, நின்றது.

லோகநாதன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திங்கக்கெழமையில இருந்து புள்ளைங்கள ஷாஹித்தும் டாக்டரும் மத்தவங்களும் அவங்கவங்க வண்டியில முறை போட்டுக் கூட்டிட்டுப் போவாங்க,” என்றாள். “உங்க அட்டைய நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. எனக்குப் பாதி திருப்பிக் குடுத்திருக்காங்க. உங்களுக்கும் குடுப்பாங்க, இந்தப் பெட்டியோட. அதனால இத இப்ப கழட்ட வேண்டாம். வியாழக்கெழமை எனக்கு ஆஸ்பத்திரியில முறை. கூட வாரீங்களா?”

ஷாஹித் திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பானெட்டை மூடினான்.

“யாரு ஓட்டறாங்க?” என்று கேட்டார் லோகநாதன்.

“அவன்தான்.”

அவர் ஷாஹித்தை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. “அப்பன்னா விடியறதுக்கு மின்னாடியே கெளம்போணுங்களே.”